எடைக்குப் போட்ட ஏடுகள்

தமிழ்ச் சங்க மலர் எதை எடுத்துப் புரட்டினாலும், ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் காத்த பெருமக்களைப் பற்றிய கட்டுரை ஒன்றேனும் அதில் இருக்கும். இருக்க வேண்டியதுதான். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஓலைகளைப் பரணிலிருந்து இறக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய வரலாறு எத்தனை முறை படித்தாலும் நமக்கு அலுப்பதில்லை. சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்களையும் அடுப்பில் இட்டவர்களையும் நினைந்து பல்லைக் கடிக்கிறோம். இப்படியும் அறிவற்றவர்கள் இருந்தார்களா என்று வியக்கிறோம்.

இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவன் இக்கட்டுரையை எழுதுகின்றவன்.

பம்பாயில் ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிப் பிரிவில் 1969-ஆம் ஆண்டு பணிக்குச் சேர்ந்தேன். அங்கே ஐ.பி.எம். 1401 என்னும் பொறி ஒன்று ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அட்டை படிக்கும் கருவி, துளையிடும் கருவி, பேரிரைச்சலோடு வரி வரியாக அச்சிடும் பொறி, இவற்றுக்கெல்லாம் தலைமையாக ஒரு நீலப் பெட்டி. எங்கள் பொறியின் நினைவகம் எட்டாயிரம் எழுத்துகளே கொள்ளும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கு அதைப்போல் முந்நூறு மடங்கு இடம் வேண்டும். அந்த எட்டாயிரத்துக்குள்தான் ஆயிரக்கணக்கான ஊழியரின் சம்பளப் பட்டியலை மாதந்தோறும் போட்டு முடித்தோம்.

1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படித் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அது இசையவில்லை என்பது யாவரும் அறிந்ததே. பொறிகள் இங்கேயே தங்கின. அவற்றைப் பேணும் பொறுப்பை அரசு நிறுவனமாகிய சி.எம்.சி. ஏற்றது. ஆயினும் உதிரி உறுப்புகள் கிடைப்பது வரவர அரிதாயிற்று. எங்கள் பொறியாளர்கள் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கக் கற்றார்கள். கற்றதையெல்லாம் பராமரிப்புக் கையேடுகளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தார்கள். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன, மராத்தியில் இருந்தன, திருநெல்வேலிக்காரரான ஒரு மூத்த பொறியாளர் தமிழிலேயே எழுதுவார். "ஆனி பிறந்தால் அட்டைகள் ஈரம் குடித்துப் பருக்கும், முதல்நாள் இரவே குளிரறையில் வைக்க" என்று அட்டைக் கருவியின் கையேட்டில் அவர் எழுதியிருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. நான்கே சொற்களில் ஒரு பம்பாய் மழைக்காலத்தையே அடக்கிவிடக் கூடியவர் அவர்.

1983-இல் அப்பொறியைக் கழித்துக்கட்ட மூவர் குழு ஒன்றை அமைத்தார்கள். மூவருள் நானும் ஒருவன். 'பயனற்றது' என்னும் கட்டத்தில் கையெழுத்திட்டேன். இந்நகரில் பழைய இரும்பு வாங்குபவரைப் 'பங்கார்வாலா' என்பர். அவர் சாக்குகளோடும் சம்மட்டியோடும் வந்தார். இரும்பு தனி, செம்பு தனி, மின்சுற்றுப் பலகைகள் தனி என்று பிரித்து எடைபோட்டார். இரண்டு இரும்பு அலமாரி நிறைந்த கையேடுகளும் மின்சுற்று வரைபடங்களும் பழைய காகித விலைக்குப் போயின. சணற்கயிற்றால் அவற்றை நான்தான் கட்டிக் கொடுத்தேன். திருநெல்வேலிக்காரரின் குறிப்புகளும் அக்கட்டுகளுள் இருந்தன. கணிப்பொறியைக் கையாளும் முறைபற்றித் தமிழில் எழுதப்பெற்ற பழங்குறிப்புகளுள் அவையும் இடம்பெற்றிருக்கக் கூடும். இன்று என்னிடம் எஞ்சியது, புத்தகத்தில் அடையாளத்துக்காக வைத்திருந்த ஒரே ஒரு துளையட்டை. அதில் எண்பது நிரல், பன்னிரண்டு வரிசை.

இக்குற்றம் என்னோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டியதில்லை. அன்று நான் செய்ததை இன்று ஒவ்வோர் அலுவலகமும் கல்லூரியும் அச்சகமும் வீடும் செய்துகொண்டிருக்கின்றன. அதைத் தூய்மை என்றும் முன்னேற்றம் என்றும் பெயரிட்டு அழைப்பதுதான் பொறுக்க முடியாதது.

ஓலை வேறு, வட்டு வேறு

ஓலைச் சுவடியை இழந்தோர்க்கும் கணிப்பொறியை இழப்போர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் குற்றத்தைப் பெரிதாக்கும் வேறுபாடு அது.

ஓலையைப் படிக்கக் கண் போதும், எழுத்தறிவு போதும். முந்நூறு ஆண்டு பரணில் கிடந்தாலும், பூச்சி தின்றது போக மிச்சமிருப்பதைப் படிக்கலாம். காந்த வட்டில் எழுதியதைக் கண்ணால் காண முடியாது. அதைப் படிக்க வட்டோட்டி வேண்டும். வட்டோட்டியை இயக்கப் பொறி வேண்டும். பொறியை நடத்த நிரல் வேண்டும். எந்தக் குறி எந்த எழுத்துக்கு உரியது என்று சொல்லும் குறிமுறை வேண்டும். இவை பழுதுற்றால் செப்பனிட வரைபடம் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வட்டு வெறும் பிளாஸ்டிக் துண்டே. பழைய கணிப்பொறியை நூலகத்தின் பழைய நாற்காலியோடு ஒப்பிடுவார் உளர். அது நாற்காலியன்று, நூலைப் படிக்கும் கண்.

இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பெற்ற 'டூம்ஸ்டே' என்னும் நிலக்கணக்கு ஏட்டை இன்றும் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டைக் கொண்டாட பி.பி.சி. நிறுவனம் 1986-இல் நாடு முழுவதும் செய்தியும் படமும் திரட்டி, லேசர் வட்டுகளில் பதித்து ஒரு புதிய 'டூம்ஸ்டே'யை வெளியிட்டது. பள்ளிச் சிறுவர் உட்பட பல்லாயிரவர் அதற்கு உழைத்தனர். பதினாறே ஆண்டுகளில், 2002-இல், அதைப் படிக்கும் பொறிகள் அருகிப்போய், அதன் உள்ளடக்கத்தை மீட்பதற்கென்று அறிஞர்கள் தனியே பாடுபட நேர்ந்தது. தொள்ளாயிரம் ஆண்டு வாழ்ந்த தோல் ஏட்டின் பேரப்பிள்ளைக்குப் பதினாறு வயதிலேயே உயிருக்குக் கேடு வந்தது.

மற்றொன்று கேண்மின். 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐந்து விண்கலங்கள் நிலவைச் சுற்றிப் படமெடுத்தன. அப்படங்கள் பெரிய காந்த நாடாக்களில் பதிவாயின. நாடாக்களை அழித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது நான்சி எவான்ஸ் என்னும் ஆவணக் காப்பாளர் உடன்படவில்லை. நாடாக்களைக் காத்ததோடு அவர் நிறைவடையவில்லை. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 பொறிகளையும் தேடிப் பெற்று, தம் வீட்டு வண்டிக்கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வைத்துக் காத்தார். பிற்காலத்தில் ஒரு சிறு குழுவினர் அப்பொறிகளைப் பழுதுபார்த்தனர். நிலவின் விளிம்பில் நம் பூமி எழும் காட்சியாக 1966-இல் எடுத்த படத்தை, முன்னெப்போதும் கண்டிராத தெளிவோடு 2008-இல் மீட்டெடுத்தனர். அந்த அம்மையார் நாடாவை மட்டும் காத்துப் பொறியை விட்டிருந்தால் படம் இல்லை.

காக்கத் தவறிய கதையும் அந்நாட்டிலேயே உண்டு. 1969-இல் மனிதன் நிலவில் முதலில் கால்வைத்தபோது பதிவான மூல நாடாக்கள் துடைக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009-இல் ஒப்புக்கொண்டது. நாடாவின் விலையை மிச்சம் பிடித்தார்கள். மனித இனத்தின் மாபெரும் நாளின் முதற்சான்றை இழந்தார்கள்.

தமிழுக்கு நேர்ந்தது

இவை அயலார் கதை என்று நாம் அமைதியடைய வழியில்லை. என் நண்பர் ஒருவர் மாதுங்காவிலிருந்து 1991 முதல் 1996 வரை காலாண்டுச் சிற்றிதழ் ஒன்றை நடத்தினார். இருபத்திரண்டு இதழ்கள் வந்தன. வெளிமாநிலத் தமிழரின் சிறுகதைகளும் ஆய்வுரைகளும் அவற்றில் இருந்தன. அச்சுக் கோப்பதை விட்டுக் கணிப்பொறியில் எழுத்தமைக்கத் தொடங்கிய காலம் அது. 2005 சூலை 26-ஆம் நாள் இந்நகரை மூழ்கடித்த வெள்ளத்தில், குர்லாவில் தரைத்தளத்தில் அவர் அடுக்கியிருந்த பழைய படிகள் கூழாயின. "கவலையில்லை, எல்லாம் ஃபிளாப்பியில் இருக்கிறது; பரண்மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார் நண்பர்.

ஃபிளாப்பிகள் இருந்தன. சிலவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. ஐந்தேகால் அங்குல வட்டைப் படிக்கும் வட்டோட்டியைத் தேடி லாமிங்டன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கண்டெடுத்துக் கோப்பைத் திறந்தால், தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியும் வட்டமும் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துமாகத் திரை நிறைந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் மனம்போனபடி இடம் ஒதுக்கியது. எழுத்துருவும் குறிமுறையும் அந்தந்த மென்பொருளுக்கே உரியவை. நண்பரின் மென்பொருள் பழைய பொறியின் வன்தட்டில் இருந்தது. அதை இயக்க, அச்சுப்பொறி இணைப்பில் செருகும் கட்டைவிரலளவுப் பூட்டு ஒன்றும் வேண்டும். பொறியைப் பூட்டோடு சேர்த்து 2003-இலேயே பங்காருக்குப் போட்டிருந்தார் நண்பர்.

பின்னர் என்ன செய்தோம்? வெளியூர் வாசகர் ஒருவரிடம் தப்பியிருந்த ஓர் இதழை வாங்கி அருகில் வைத்துக்கொண்டோம். இந்த இடத்தில் 'க' இருக்கிறது, அங்கே இந்தக் குறி இருக்கிறது என்று கல்வெட்டுப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஓராண்டு முயன்று ஒன்பது இதழ்களை மீட்டோம். பதின்மூன்று மீளவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பிராமி எழுத்தைப் படிக்க நமக்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். 1993-இன் தமிழைப் படிக்க நாதியில்லை.

1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'தாம்', 'தாப்' என்னும் குறிமுறைகளைத் தரப்படுத்தியது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இனி வருவனவற்றுக்கு இடரில்லை என்று மகிழலாம். இவற்றுக்கு முன் எழுதப்பெற்றவை? ஏறத்தாழ 1985-க்கும் 2005-க்கும் இடையே, அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்து மறைந்து ஒருங்குறி வேரூன்றாத இடைவெளியில், தமிழில் எழுதி அமைத்த நூல்களும் இதழ்களும் சங்க மலர்களும் எந்தப் பரணில், எந்த வட்டில், எந்தக் குறிமுறையில் கிடக்கின்றன? அவற்றைத் திறக்கும் பொறியையும் எழுத்துருவையும் கையேட்டையும் காப்பவர் யார்? தமிழ் வரலாற்றில் மூலப்படிகளே படிக்க இயலாத தலைமுறையாக நம் தலைமுறை அமைந்துவிட வேண்டுமா?

இங்கே பிறந்த பொறிகள்

படிக்கும் கருவி என்ற பயன் ஒருபுறம் இருக்க, பொறியே வரலாறாக நிற்கும் நிலையும் உண்டு.

கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா 1953-இலேயே சிறிய ஒப்புமைக் கணிப்பொறி ஒன்றை அமைத்தார். 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் இலக்கக் கணிப்பொறி அந்நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. அதே நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி 'இசிஜு-1' என்னும் டிரான்சிஸ்டர் பொறியை 1966-இல் இயக்கின.

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் இளைஞர் குழு விலைக்கு வாங்காமல் தானே ஒரு பொறியைக் கட்டத் துணிந்தது. குழுவை நடத்தியவர், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன். அவர் குழுவில் இருந்த பெரும்பாலோர் அதற்குமுன் கணிப்பொறியைக் கண்ணால் கண்டதுமில்லை. 1956-இல் முன்னோட்டப் பொறி இயங்கியது, 1960-இல் முழுப்பொறி. ஏறத்தாழ 2,700 வால்வுகளும் 1,700 ஜெர்மானியம் டையோடுகளும் 12,500 மின்தடைகளும் அதில் இருந்தன. 2,048 சொற்கள் கொள்ளும் நினைவகத்தைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்து ஆக்கினர். பூத்தொடுப்பது போன்ற வேலை அது. மின்சாரம் நின்றாலும் அவ்வளையங்கள் நினைவை இழப்பதில்லை. 1962-இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

ஐதராபாத்தில் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1969-இல் டி.டி.சி.-12 பொறியை வெளியிட்டது. 1970-களின் நடுவில் டி.டி.சி.-312, டி.டி.சி.-316 என்பன தொடர்ந்தன. இவற்றோடு பழகிய பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நான் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்பொறியின் கையேடு ஒன்றேனும் இருக்கிறதா? பயிற்சி வகுப்பில் எழுதிய குறிப்பேடு? துளைநாடாச் சுருள் ஒன்று? இருக்குமானால் அதன் அருமை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அல்லது நீங்கள் கண்மூடிய மறுவாரம் அது காகிதக்காரரிடம் போகுமா?

பொறி உடல் என்றால் ஏடு உயிர். உடல் அழிந்தும் ஏட்டால் மீண்டது உண்டு. இரண்டாம் உலகப் போரில் செருமானியச் சங்கேதங்களை உடைத்த 'கொலோசஸ்' பொறிகளைப் போர் முடிந்தபின் உடைத்தெறிந்தனர், வரைபடங்களை எரித்தனர். எட்டுப் புகைப்படங்களும், பொறியாளர் சிலர் ஆணையை மீறி ஒளித்துவைத்த மின்சுற்றுத் துணுக்குகளுமே எஞ்சின. அவற்றைக் கொண்டு டோனி சேல் என்பார் 1993-இல் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் உழைத்து 2007-இல் அதை மறுபடி கட்டி முடித்தார். கேம்பிரிட்ஜில் 1949-இல் பிறந்த 'எட்சாக்' 1958-இல் பிரிக்கப்பட்டது. அதன் வரைபடங்கள் குப்பைக்குப் போகுமுன் பணியாளர் ஒருவர் எடுத்து வைத்திருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, அதை மறுபடி கட்டுவோர் கைக்கு 2014-இல் அவை வந்து சேர்ந்தன. அவரும் ஒரு சாதாரணப் பணியாளர். நானும் ஒரு சாதாரணப் பணியாளன். அவர் கை காகிதத்தை எடுத்துவைத்தது. என் கை சணற்கயிற்றால் கட்டிக் கொடுத்தது.

மறுப்போர்க்கு மறுமொழி

இதைக் கேட்போர் கூறும் மறுப்புகள் நான்கு.

'இடமில்லை' என்பது முதல் மறுப்பு. பம்பாயில் வாழ்பவனுக்கு இடத்தின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டா. எல்லாப் பொறிகளையும் காக்கச் சொல்லவில்லை. ஒரு மாதிரியில் இயங்கும் பொறி ஒன்று, உதிரிக்கு ஒன்று, முழுமையான ஏட்டுத் தொகுதி ஒன்று: இவ்வளவே வேண்டுவது. நூறு பொறியை ஏலம் விடும் அலுவலகம் ஒன்றை நிறுத்திக்கொண்டால் கட்டடம் இடிந்துவிடாது. ஏடுகளோ ஓர் அலமாரிக்கு மேல் கேட்பதில்லை.

'மின்னணுக் கழிவு நஞ்சு. சட்டம் இருக்கிறது' என்பது இரண்டாவது. உண்மை. ஈயமும் காட்மியமும் நஞ்சே. சீலம்பூரிலும் குர்லாவிலும் சிறு பட்டறைகளில் பலகைகளை அமிலத்தில் இட்டுப் பொன்னைப் பிரிக்கும் ஏழைத் தொழிலாளரின் நுரையீரலை நினைந்தால் நெஞ்சு பதறுகிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கழிவை ஒப்படைக்கச் சொல்வது நன்றே. ஆனால் கழிவு எங்கே போகவேண்டும் என்றுதான் விதி சொல்லும். எது கழிவு, எது சான்று என்று பிரித்தறியும் கண் நமக்கன்றோ வேண்டும்? கழிவு என்று எழுதுமுன் ஒருமுறை பார்க்கச் சொல்வது சட்டத்துக்கு மாறானதன்று. காத்துவைத்த பொறி எவர் நுரையீரலையும் எரிப்பதில்லை.

'படியெடுத்தால் போதும், பழைய பொறியைப் போலவே நடந்துகாட்டும் நிரல்கள் வந்துவிட்டன' என்பது மூன்றாவது. எமுலேட்டர் என்று வழங்கும் அந்நிரல்களை நானும் போற்றுகிறேன். என் 1401-ஐ என் பேரன் அவனுடைய மடிக்கணினியில் ஓட்டிக்காட்டியபோது கண் கலங்கினேன். ஆனால் அந்நிரலை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்? யாரோ எங்கோ எடைக்குப் போடாமல் காத்த கையேட்டைப் பார்த்து எழுதினார். ஏடு அழிந்த பொறிக்குப் போலியும் பிறவாது. எழுதிய நிரல் சரிதானா என்று ஒத்துப்பார்க்க மூலப்பொறி வேண்டும். வட்டிலுள்ளதைப் படியெடுக்கவும் வட்டோட்டி வேண்டும். ஆக, படியெடுப்பது பொறியைக் காப்பதன் பயன். அதைத் தள்ளுவதற்குக் காரணமன்று.

'மேல்நாட்டார் காக்கிறார்கள், நமக்கேன்?' என்பது நான்காவது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் 1401 பொறிகள் இரண்டை ஓய்வுபெற்ற பொறியாளர்கள் செப்பனிட்டு ஓட்டிவருகிறார்கள். அவர்களை வணங்குவோம். ஆனால் அவர்கள் காப்பது அவர்கள் பொறியை. ஆனி பிறந்தால் அட்டை பருக்கும் என்பது அவர்கள் ஏட்டில் இராது. டி.டி.சி.-312-ஐக் காக்கும் கடமை அவர்களுக்கில்லை. அங்கும் எல்லாம் நிலைபெறும் என்பதற்கு உறுதியில்லை. பெருஞ்செல்வராகிய பால் ஆலன் சியாட்டில் நகரில் நிறுவிய கணிப்பொறி அருங்காட்சியகம் அவர் 2018-இல் மறைந்தபின் 2020-இல் மூடப்பட்டது. 2024-இல் அதன் அரும்பொருள்கள் பல ஏலத்துக்குப் போயின. ஒரு செல்வரின் கருணையில் வாழ்வது ஒரு வாழ்நாளே வாழும்.

சேகரிப்போர்க்கும் ஒரு சொல்

எடைக்குப் போடுவோரை மட்டும் குறைகூறினால் நடுநிலை ஆகாது. அண்மைக் காலத்தில் பழம்பொறி சேகரிக்கும் ஆர்வம் நம் நாட்டிலும் முளைத்திருக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் சிலர் பொறியின் முகப்பை மெருகிட்டு வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள், உள்ளே கைவைப்பதில்லை. 1980-களின் பொறிகள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று பலகையிலேயே பற்றவைத்த சிறு மின்கலம் உண்டு. அது கசிந்து, பலகையின் செப்புக் கோடுகளைப் பச்சை பூத்து அரிக்கிறது. வெளியே மெருகு, உள்ளே அரிப்பு. வேறு சிலர் ஒரு நல்ல பொறியைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்கிறார்கள். இன்னும் சிலர் அரிய கையேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு, "என்னிடம் மட்டுமே இருக்கிறது" என்று பெருமை பேசுகிறார்கள். ஐயருக்கு ஏடு கொடுக்க மறுத்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் ஏட்டைப் பூச்சி தின்றது. இவர்கள் ஏட்டையும் அது தின்னும்.

செய்யத்தக்கன

குறைகூறி நிற்பது எளிது. செய்யத்தக்கவற்றையும் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா.

பழைய பொறி கையில் இருப்போர் முதலில் அந்தக் கடிகார மின்கலத்தை எடுத்துவிடுக. ஆண்டுக்கணக்கில் உறங்கிய பொறியை நேரே மின்சாரத்தில் செருகாதீர். உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கும், வெடிக்கவும் கூடும். அறிந்தவர் ஒருவர் பார்த்தபின்பே இயக்குக. கண்ணாடிச் சாளரமுள்ள நினைவுச் சில்லுகளின் மேல் ஒட்டிய தாளைப் பிய்க்காதீர்; ஒளிபட்டால் அதிலுள்ளது அழியும். அச்சில்லிலுள்ள நிரலையும் காலம் மெல்லத் தின்கிறது. அது முற்றும் கரையுமுன் படியெடுத்துக்கொள்க. ஃபிளாப்பிகளை மழைக்கு முன் உலர்ந்த பெட்டியில் அடைக்க. பூஞ்சை பிடித்த வட்டை நல்ல வட்டோட்டியில் இடாதீர். வட்டும் கெடும், ஓட்டியும் கெடும்.

கையேடு, வரைபடம், விலைப்பட்டியல், பயிற்சிக் குறிப்பு, ஓரத்துப் பென்சில் எழுத்து எதையும் சிறிதென்று தள்ளாதீர். படியெடுத்துப் பலரிடம் பரப்புக. மூலத்தை நல்ல நூலகத்தில் சேர்க்க. அப்பொறிகளை இயக்கியவர்கள் எண்பதைத் தொடுகிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்க. நினைவகம் என்பது வளையத்தில் மட்டும் இல்லை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி ஒதுக்குக. வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் கிடக்கும் தமிழ் மென்பொருள் வட்டுகள், எழுத்துருக்கள், அவற்றின் கையேடுகள், செருகு பூட்டுகள், அவை இயங்கும் பழைய பொறி இரண்டு: இவ்வளவைத் திரட்டுக. பழைய மலர்களின் வட்டு யார் வீட்டிலேனும் இருந்தால் அங்கே கொணர்ந்து சேர்க்க. மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் என் வயதினர் சிலரும் வந்து அமர்கிறோம். வட்டுக் கொணர்வோர்க்கு எழுத்தை மீட்டுத் தருகிறோம். நண்பரின் பதின்மூன்று இதழ்களையும் இன்னொருமுறை முயல்வோம். அந்த மென்பொருளும் பூட்டும் எவர் வீட்டு இழுப்பறையிலேனும் கிடக்கக்கூடும்.

திருநெல்வேலிக்காரர் மறைந்து ஆண்டுகள் பலவாகின்றன. அவர் ஏட்டை மீட்க எனக்கு வழியில்லை. அவர் எழுதியவற்றுள் நினைவில் நின்ற ஒரு வரியை மேலே எழுதிவிட்டேன். மற்ற வரிகள் எந்தக் கடையில் எந்தப் பொட்டலமாகப் போயினவோ அறியேன். உங்கள் வீட்டில் அப்படியோர் ஏடு இருக்குமானால், இம்மலரை மூடிவைத்ததும் அந்த இழுப்பறையைத் திறந்து பாருங்கள். காகிதக்காரர் ஞாயிறுதோறும் வருகிறார்.